‘பிடிச்சிருக்கு’ வேறு, ‘அழகா இருக்கு’ வேறு

எனக்குப் பாகற்காய் பிடிக்கும், தங்கைக்கு ஆகாது. இருபது வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டோம். இதற்காக ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அவள் தட்டில் விழுந்தது என் தட்டுக்கு வந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் கூடத்துச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்ற பேச்சு வந்தபோது மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. நான் தேர்ந்தெடுத்த பச்சையைப் பார்த்து, “அண்ணா, இது அசிங்கமா இருக்கு” என்றாள். “உனக்குப் பிடிக்கலைன்னு சொல்லு. அசிங்கம்னு எப்படிச் சொல்லலாம்?” என்று நான் எகிறினேன்.

பாகற்காய்க்கு வராத கோபம் பச்சைக்கு ஏன் வந்தது? அழகு பொருளிலேயே இருக்கிறதா, அவரவர் மனசுக்குப் பட்டதுதான் அழகா என்ற பழைய கேள்வி முழுக்க இந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. இதை ஆராயும் தத்துவத் துறைக்கு அழகியல் என்று பெயர். அதற்குள் முதன்முறையாக எட்டிப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பக்கம் எது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

இரண்டு சொற்களை முதலில் தெரிந்துகொள்வோம். ஒரு தேங்காயின் எடை 600 கிராம் என்றால் அது நான் தூக்கினாலும் நீங்கள் தூக்கினாலும் 600 கிராம்தான். யாரும் பார்க்காவிட்டாலும் 600 கிராம்தான். இப்படிப்பட்டதைப் புறவயமானது என்கிறோம். சட்னியில் காரம் போதுமா என்பது அப்படி இல்லை. உங்கள் நாக்குக்குப் போதும், என் நாக்குக்குப் போதாது, இருவரும் சொல்வது சரி. இது அகவயமானது. அழகு தேங்காயின் எடையைப் போன்றதா, சட்னியின் காரத்தைப் போன்றதா?

நம் பேச்சிலேயே ஒரு துப்பு கிடக்கிறது. “பிடிச்சிருக்கு” என்று சொன்னால் ‘எனக்கு’ என்ற சொல் கூடவே வந்து நிற்கும். வாயால் சொல்லாவிட்டாலும் அது அங்கே இருக்கும். “அழகா இருக்கு” என்பதில் அந்த ‘எனக்கு’ இல்லை. வலிந்து சேர்த்து, “இந்தச் சட்டை எனக்கு அழகா இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். அர்த்தமே மாறிவிடும், சட்டை என் உடம்புக்குப் பொருந்துகிறது என்றாகிவிடும். அழகைப் பற்றிச் சொல்லும்போது தமிழ் நம்மைப் பற்றிப் பேசவில்லை, அந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறது. பேச்சு வழக்கு இப்படி இருப்பதால் உண்மையும் இப்படித்தான் என்று முடிவுகட்ட முடியாது. ஆனாலும் கோடிக்கணக்கானவர்கள் தினமும் செய்யும் ஒரு வேறுபாட்டைக் காரணம் கேட்காமல் தூக்கிப்போடவும் கூடாது.

அளவில் இருக்கிறது என்றவர்கள்

அழகு புறவயமானது என்று நினைத்தவர்கள் அதை அளவில் தேடினார்கள். ஒரு தந்தியை மீட்டுங்கள். நட்டநடுவில் அழுத்தி மறுபடி மீட்டுங்கள். மேல் ஸட்ஜம் பேசும். மூன்றில் இரண்டு பங்கு நீளம் வைத்து மீட்டினால் பஞ்சமம். இனிமையாகக் கேட்கும் ஒலிகளுக்குப் பின்னால் 2:1, 3:2 என்று இவ்வளவு எளிய எண்கள் நிற்பது பழைய கிரேக்கத்தில் பித்தாகரஸ் வழிவந்தவர்களைப் பெரிதும் அசைத்துவிட்டது. காதுக்கு இப்படி என்றால் கண்ணுக்கும் இப்படித்தானே இருக்க வேண்டும்? கி.மு. 5-ஆம் நூற்றாண்டுச் சிற்பி போலிக்ளைட்டஸ், விரலுக்கும் விரலுக்கும், விரல்களுக்கும் உள்ளங்கைக்கும், அதற்கும் முன்கைக்கும் உள்ள விகிதத்தில்தான் உடலின் அழகு இருக்கிறது என்று ஒரு நூலே எழுதினார். நூல் தொலைந்துவிட்டது, அவர் சிலையின் பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன.

நம் ஸ்தபதிகளுக்கும் இது புதிதில்லை. முகத்தின் நீளம் ஒரு தாலம். அதை வைத்து உடல் முழுவதையும் அளப்பார்கள். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்ற பத்துத் தாலக் கணக்கு, அதில் மொத்த உயரம் 124 பங்கு. சுவாமிமலையில் செப்புத் திருமேனி செய்கிறவர்கள் தென்னை ஓலையை நீள வாக்கில் கீறி, சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து நகத்தால் அழுத்தி அளவு குறிப்பார்கள். அந்த ஓலைதான் அளவுகோல். மெழுகில் மூக்கு எங்கே முடிய வேண்டும், மார்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதை அது சொல்லும்.

ஆனால் அதே ஓலையை, அதே 124 பங்கை வைத்து இரண்டு பேர் சிலை செய்தால் ஒன்று மூச்சு விடும். இன்னொன்று வெறும் செம்பாக நிற்கும். அளவு இரண்டிலும் சரியாகத்தான் இருக்கும். அப்படியானால் உயிருள்ளதில் கூடுதலாக இருப்பது எது? அளவுக் கட்சியால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

வேறு ஓட்டைகளும் உண்டு. 3-ஆம் நூற்றாண்டில் பிளாட்டினஸ் என்ற தத்துவஞானி ஓர் எளிய கேள்வி கேட்டார்: இரவில் வெட்டும் மின்னலுக்கும் தனியாக ஒலிக்கும் ஒரே ஸ்வரத்துக்கும் பகுதிகளே இல்லையே, பகுதிகளுக்கு இடையிலான விகிதம் எங்கிருந்து வரும்? 1757-இல் எட்மண்ட் பர்க் என்ற சிந்தனையாளர் பறவைகளைக் காட்டினார். அன்னத்தின் கழுத்து மற்ற உடம்பை விட நீளம், வால் குட்டை. அது அழகான விகிதம் என்று ஒத்துக்கொண்டால் மயிலை என்ன செய்வது? மயிலுக்குக் கழுத்து குட்டை. தோகையோ கழுத்தையும் உடம்பையும் சேர்த்ததை விட நீளம். இரண்டும் அழகுதான். எந்தச் சூத்திரம் எழுதினாலும் இரண்டில் ஒன்று வெளியே போய்விடுகிறது.

கண்ணில் இருக்கிறது என்றவர்கள்

இந்தப் பக்கத்துக்கு நம்மிடம் தயாராக ஒரு பழமொழி இருக்கிறது: காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அழகெல்லாம் பார்க்கிறவர் மனசில்தான் என்பதற்கு இதைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு இந்தப் பழமொழி வேறு மாதிரி கேட்கிறது. இது காக்கையைப் பார்த்துச் சிரிக்கிறது. பாசம் கண்ணை மறைக்கிறது என்கிறது. மறைப்பதற்கு ஏதோ ஒன்று அங்கே இருந்தால்தானே கண் மறைந்தது என்று சொல்ல முடியும்? அகவயக் கட்சிக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்ட பழமொழி எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

அகவயக் கட்சிக்கு இதைவிட வலுவான ஆதாரங்கள் உண்டு. பொலிவியாவின் அமேசான் காட்டில் சிமானே என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மேற்கத்திய இசை அதிகம் போய்ச் சேராத இடம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் அவர்களுக்கு இரண்டு வகை ஒலிச் சேர்க்கைகளைப் போட்டுக் காட்டினார்கள்: மேற்கத்தியக் காதுக்கு இனியவை ஒரு வகை, முரண்படுபவை இன்னொரு வகை. அவர்கள் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் கொடுத்தார்கள். பித்தாகரஸ் வழிவந்தவர்கள் உலகத்தின் அடித்தளம் என்று நினைத்ததில் ஒரு பகுதியாவது பழக்கம் என்று இதிலிருந்து தெரிகிறது. பாரிஸில் ஐஃபல் கோபுரம் எழும்பத் தொடங்கியபோது, 1887 பிப்ரவரியில், மோப்பசான் உள்ளிட்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் கையெழுத்திட்டு அதைக் கண்டித்துப் பத்திரிகையில் கடிதம் வெளியிட்டார்கள். இன்று அந்தக் கோபுரம் இல்லாத பாரிஸை யாரும் வரைவதில்லை.

இவ்வளவும் உண்மை. ரசிக்க ஓர் உயிரும் இல்லாத உலகத்தில் அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தேங்காய் யாரும் இல்லாத தீவிலும் 600 கிராம் இருக்கும். அழகு அப்படி இருக்குமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அங்கிருந்து ‘எல்லாம் அவரவர் கருத்து’ என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் ஏற்க முடியவில்லை. நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளியைப் பார்க்க ஒரு சோதனை போதும். தப்பாகச் சொல்ல முடியுமா? பாகற்காய் பிடிக்கும் என்று நான் சொல்வதில் பொய் இருக்கலாம், பிழை இருக்க முடியாது. அடுத்த வருஷம் பிடிக்காமல் போனால், போன வருஷம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நாக்கு மாறிவிட்டது என்பேன். அழகு விஷயத்தில் அப்படிப் பேசுவதில்லை. பள்ளியில் படித்தபோது உருகி உருகிக் கேட்ட ஒரு பாட்டை இன்று கேட்டால், “இதையா அப்படிக் கொண்டாடினேன்?” என்று கூச்சமாக இருக்கிறது. அன்று விளங்காமல் ஒதுக்கிய ஒன்றைப் பற்றி, “அப்போ எனக்குத் தெரியலை” என்கிறோம். ‘தெரியலை’ என்றால் தெரிந்துகொள்ள ஏதோ இருந்தது என்றுதானே அர்த்தம்.

கான்ட் பிடித்த நுனி

1790-இல் ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் இந்த வித்தியாசத்தைத்தான் கையில் எடுத்தார். கேனரித் தீவின் திராட்சை மது இனியது என்று ஒருவர் சொன்னால், “உங்களுக்கு இனியது என்று சொல்லுங்கள்” என்று திருத்தலாம், அவரும் ஒத்துக்கொள்வார். ஆனால் ஒரு கட்டடத்தையோ கவிதையையோ காட்டி, “இது எனக்கு அழகு” என்று ஒருவர் சொன்னால் அது நகைப்புக்குரியது என்கிறார் கான்ட். அழகு என்று சொல்லிவிட்டால் மற்றவர்களும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்ற கணிப்பு இல்லை அது. ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற உரிமைக்குரல். என் தங்கையிடம் எனக்கு வந்த கோபம் அதுதான். அவள் தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். சுவரைப் பற்றிச் சொன்னாள். என்னையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் ஒன்றைச் சொன்னாள்.

கான்ட் ஒரு நிபந்தனையும் வைத்தார். அழகைப் பார்ப்பது ஆதாயம் நோக்காத பார்வையாக இருக்க வேண்டும். கதிர் முற்றிய வயலைப் பார்த்து எத்தனை மூட்டை தேறும் என்று கணக்குப் போடுகிற கண்ணும், காற்றில் அந்த வயல் அலையடிப்பதைப் பார்க்கிற கண்ணும் ஒரே ஆளிடம் இருக்கலாம். முதல் கண்ணால் பார்க்கும்போது அவர் அழகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, மற்றவரை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது? கணக்கைப் போல நிரூபிக்க முடியாது என்பதில் கான்ட் உறுதியாக இருந்தார். பின் என்ன செய்கிறோம்? இதற்கு விடை எங்கள் தெருவிலேயே கிடைத்தது.

மார்கழி மாதம். அம்மா வாசலில் சிக்குக் கோலம் போட்டிருந்தார். 11 புள்ளி, இடைப்புள்ளி, 6 வரை. சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும். எதிர்வீட்டுப் பெரியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மூலையைப் பாரேன், இழை கனத்துப் போச்சு. கண்ணு அங்கேயே போய் நின்னுக்குது.”

அம்மா குனிந்து பார்த்தார். “ஆமாக்கா. மாவு கொஞ்சம் ஈரம், விரல்ல ஒட்டிக்கிச்சு.”

பெரியம்மா நிரூபிக்கவில்லை. எந்த விதியையும் சொல்லவில்லை. இன்ன இடத்தைப் பார், அங்கே என்ன நடக்கிறது என்று பார் என்றார். அம்மா பார்த்தார், அவருக்கும் தெரிந்தது. ‘உங்க கருத்து உங்களுக்கு, என் கருத்து எனக்கு’ என்று அம்மா சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே செத்திருக்கும். இது வெறும் கருத்தாக இருந்தால் விரல் நீட்டிக் காட்டுவதற்கு இடமே இருந்திருக்காது. அளந்து முடிவு செய்யும் எடையாக இருந்தால் காட்டுவதற்குத் தேவையே இருந்திருக்காது. காட்டினால் தெரியும், காட்டாவிட்டால் தவறிப்போகலாம் என்ற இந்த இடத்தில்தான் அழகு இருக்கிறது என்பது என் முடிவு.

பீப்பாயின் அடியில் கிடந்த சாவி

கான்ட்டுக்கு 33 வருஷம் முன்பு, 1757-இல், ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்தார். செர்வான்டிஸின் ‘டான் கிஹோத்தே’ நாவலில், நாயகனின் பணியாள் சாஞ்சோ சொல்லும் ஒரு கதையை அவர் எடுத்துக்கொண்டார். சாஞ்சோவின் உறவினர்கள் இருவரிடம் ஒரு பீப்பாய் மதுவைக் கொடுத்துச் சுவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒருவர் குடித்துவிட்டு, “நல்ல மது, ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது” என்கிறார். இன்னொருவர், “நல்ல மதுதான், ஆனால் இரும்பு வாடை” என்கிறார். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் ஒரு பழைய சாவி கிடக்கிறது. அதில் ஒரு தோல் வார் கட்டியிருக்கிறது.

சிரித்தவர்கள் நாக்கும் நாக்குதான். ஆனால் அந்த இரண்டு பேரின் நாக்கு மதுவில் உண்மையாகவே இருந்த ஒன்றைப் பிடித்தது. ஹியூமின் பார்வையில் அழகு பொருளின் குணமில்லை, அது உணர்வு. ஆனால் அந்த உணர்வைக் கிளப்பும் ஏதோ ஒன்று பொருளில் இருக்கிறது; அதைப் பிடிக்கும் திறன் ஆளுக்கு ஆள் கூடும், குறையும், பழகினால் வளரும். நல்ல ரசிகருக்கு அவர் ஐந்து தகுதிகளைச் சொன்னார்: தெளிந்த அறிவு, நுண்ணுணர்வு, பயிற்சி, பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பழக்கம், முன்முடிவு இல்லாத மனம். இப்படிப்பட்டவர்கள் காலம் கடந்து, ஊர் கடந்து ஒன்றைச் சேர்ந்து மெச்சினால் அதுதான் அளவுகோல் என்றார். காஷ்மீரத்தில் ஆனந்தவர்த்தனர், அபிநவகுப்தர் என்ற வடமொழிக் கவிதையியல் அறிஞர்கள் இதற்குப் பல நூற்றாண்டு முன்பே ‘சஹ்ருதயர்’ என்று ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கவியின் இதயத்தோடு சேர்ந்து துடிக்கப் பழகிய இதயம் உள்ளவர் என்று பொருள். நம் ஊரில் ரசிகர் என்ற சொல்லும் கச்சேரியில் சரியான இடத்தில் “ஆஹா” சொல்லத் தெரிந்தவரைத்தான் குறித்தது.

பழகினால் வளரும் என்பதை என் காதிலேயே கண்டேன். நண்பர் ஒருவர் தம்புரா மீட்டிக் காட்டினார். தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் இடையே ஒரு சிறு நூல் இருக்கும், ஜீவாளி என்பார்கள். அதை மயிரிழை நகர்த்திவிட்டு, “இப்போ கேளுங்க” என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. அவர் சும்மா சொல்கிறார் என்றுகூட நினைத்தேன். வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்து கேட்டேன். மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் அவர் நூலை நகர்த்தினார். தந்தியின் ஒலி பூவிதழ் மாதிரி விரிந்தது, உள்ளே இருந்த சின்னச் சின்ன ஒலிகள் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. நண்பர் முதல்நாள் செய்ததும் அதே காரியம்தான். அன்றும் அது விரிந்திருக்கும்.

“பழகிப்போனதால் பிடித்துவிட்டது, இதில் என்ன தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. திரும்பத் திரும்பப் பார்த்தது பிடித்துப்போகும் என்பது உளவியலில் நன்றாகப் பதிவானது; 2003-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் மாணவர்கள் வகுப்பில் அடிக்கடி பார்த்த பிரெஞ்சு ஓவியங்களையே கூடுதலாக விரும்பினார்கள். ஆனால் 2013-இல் பிரிட்டனில் இன்னொன்று செய்து பார்த்தார்கள். கலை உலகம் மதிக்கும் 19-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஜான் மில்லேயின் ஓவியங்களையும், கடைகளில் ஏராளமாக விற்ற தாமஸ் கின்கேடின் ஓவியங்களையும் மாணவர்களுக்கு அடிக்கடி காட்டினார்கள். கின்கேடின் படங்கள் பார்க்கப் பார்க்கக் குறைவாகவே பிடித்தன. பழக்கம் மட்டுமே ருசியை உண்டாக்கும் என்றால் இப்படி நடந்திருக்கக் கூடாது. பழகும்போது நாம் பார்க்கவும் செய்கிறோம். பார்க்கப் பார்க்கச் சிலவற்றில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

ஆனால் தேர்ந்த ரசிகர் சொன்னால் முடிந்தது கதை என்று விட்டுவிடுவதில் ஆபத்தும் உண்டு. ரசிகமணி என்று பட்டமே பெற்ற டி. கே. சிதம்பரநாத முதலியாரை நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூடலில் உட்கார்ந்து கம்பன் பாடலை அவர் வாய்விட்டுப் படித்து, ஒரு சொல்லில் நிறுத்தி, மறுபடி படித்துக் காட்டும்போது, அதுவரை வெறும் மனப்பாடச் செய்யுளாக இருந்தது கவிதையாக எழுந்து நின்றது. கம்பனை அப்படிக் கேட்க ஒரு தலைமுறைக்கே அவர் காது கொடுத்தார். அதே காதை நம்பி, கவிநயம் போதாத பாடல்களைக் கம்பன் பாடியிருக்க மாட்டான், இடைச்செருகல் என்று ஒதுக்கவும் செய்தார்; சில இடங்களில் பாடலையே திருத்தினார். புலவர்கள் கொதித்தார்கள். எனக்கு அவர்மேல் அளவற்ற மதிப்பு உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் புலவர்கள் பக்கம்தான். ஒரு பாடல் அழகா என்பதற்குக் காது சாட்சி. யார் எழுதியது என்பதற்குச் சுவடிதான் சாட்சி.

1910, லண்டன்

ஹியூமின் ஐந்து தகுதிகளில் கடைசியானது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி.

ஈ. பி. ஹாவெல் 1884-இல் சென்னை ஓவியப் பள்ளியின் கண்காணிப்பாளராக வந்த ஆங்கிலேயர். எழும்பூரில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறதே, அதே பள்ளி. பிறகு கல்கத்தா போனார். இந்தியச் சிற்பமும் ஓவியமும் உலகின் பெருங்கலைகளில் சேர்ந்தவை என்று விடாமல் வாதாடினார். 1910-இல் லண்டனில் ராயல் கலைச் சங்கத்தில் அவர் பேசிய கூட்டத்துக்கு சர் ஜார்ஜ் பேர்ட்வுட் தலைமை. அங்கே ஜாவாவிலிருந்து வந்த ஒரு புத்தர் படிமத்தைக் குறித்து பேர்ட்வுட், ஆன்ம அமைதிக்கு இதை அடையாளமாக வைப்பதற்குப் பதில் அவித்த கொழுப்புக் களியை வைத்தாலும் போதும் என்றார். மாட்டுக் கொழுப்பையும் மாவையும் பிசைந்து அவிக்கும் ஆங்கிலேயப் பண்டம் அது.

பேர்ட்வுட் ஒன்றும் தெரியாதவர் இல்லை. கர்நாடகத்துப் பெல்காமில் பிறந்தவர், பம்பாயில் மருத்துவராக இருந்தவர், இந்தியக் கைவினைகளைப் பற்றி 1880-இல் பெரிய நூல் எழுதியவர். நம் துணியையும் பித்தளைப் பாத்திரத்தையும் மனசார நேசித்தவர். பயிற்சி உண்டு, ஒப்பீடு உண்டு, நுண்ணுணர்வும் உண்டு. அப்படிப்பட்டவர் புத்தரின் முன்னால் நின்று எதையும் பார்க்கவில்லை. சிலை என்றால் கிரேக்கச் சிலை மாதிரி தசை புடைத்திருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஓர் அளவுகோல். அதை வைத்து அளந்தார், குறைந்தது, கேலி செய்தார். அந்தப் புத்தரின் மார்பில் தசை தெரியாதது சிற்பியின் இயலாமை இல்லை. மூச்சை உள்ளே நிறுத்திய உடம்பு அது. நிரம்பிய குடத்தின் வழவழப்பு அது. அதைக் காட்டியிருந்தால் பார்த்திருக்கலாம்.

பிப்ரவரி 28 அன்று டைம்ஸ் நாளிதழில் ஓவியர் வில்லியம் ரோத்தன்ஸ்டைன் உள்ளிட்ட 13 பேர் கையெழுத்திட்டு மறுப்புக் கடிதம் எழுதினார்கள். அதே வருஷம் இந்தியா சொசைட்டி என்ற அமைப்பு லண்டனில் பிறந்தது. 1912-இல் தாகூரின் ஆங்கில கீதாஞ்சலியை முதலில் அச்சிட்டது அந்த அமைப்புதான். அந்தக் கூட்டம் நடந்த மூன்று வருஷத்துக்குள் பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராஜரைப் புகைப்படங்களில் பார்த்தே பரவசமாகி எழுதினார். கல்லும் வெண்கலமும் கைவிரலுக்குள் பழகிய மனிதர் அவர். அந்த நடராஜர் முன்னால் நானும் நின்றிருக்கிறேன். தூக்கிய இடது பாதத்தை இடது கை சுட்டிக் காட்டும். கண் கையிலிருந்து பாதத்துக்கு இறங்கும், பாதத்திலிருந்து ஊன்றிய காலுக்குப் போகும், அங்கிருந்து இடுப்பு வழியாக மேலே ஏறி முகத்தில் வந்து நிற்கும். முகத்தில் ஆட்டத்தின் சுவடே இருக்காது.

பேர்ட்வுட்டும் ரோடினும் மாறுபட்டார்கள், அழகு அகவயம் என்பதற்கு இதுவே சாட்சி என்று ஒருவர் சொல்லலாம். நான் இதை நேர்மாறாக எடுத்துக்கொள்கிறேன். பேர்ட்வுட் சொன்னது ‘அவர் கருத்து’ மட்டும்தான் என்றால் ஹாவெல் வாதாடியதற்கும் 13 பேர் கையெழுத்திட்டதற்கும் பொருளே இல்லை. பேர்ட்வுட் தவறினார். எங்கே தவறினார் என்று விரல் வைத்துச் சொல்லவும் முடிகிறது.

நிறம் கம்மி

இந்தக் கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். என் தங்கை கறுப்பு. அவளுக்கு வரன் பார்த்த காலத்தில் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் காபியை ஆற்றிக்கொண்டே, “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, நிறம்தான் கொஞ்சம் கம்மி” என்றார். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நிறம் என்றாலே சிவப்பு. கறுப்பு என்பது நிறம் குறைந்துபோன நிலை. கார்மேக வண்ணன் என்று விடிகாலையில் பாடுகிற வீடுகளிலும் இதே பேச்சுதான். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று பழமொழி வைத்திருக்கிற மொழியிலும் இதே பேச்சுதான்.

அவரைக் கேட்டால், “என் கண்ணுக்கு அப்படிப் பட்டுது, அது என் கருத்து” என்பார். எல்லாம் அவரவர் கருத்து என்று நாம் ஒத்துக்கொண்டால் அவருக்கு நாம் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அழகு எடையைப் போன்றது என்று சொன்னாலும் ஆபத்துதான். நிறத்தை அளக்கும் கோலைத் தயாராக வைத்திருப்பார்கள். ஹியூமும் கான்ட்டும் கறுப்பின மக்களை இழிவாக எழுதிவைத்தவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். முன்முடிவை விலக்கச் சொன்னவருக்கே அது விலகவில்லை. ஆனாலும் அவர்கள் செய்து வைத்த கருவி நம் கைக்கு வந்துவிட்டது. அதை அவர்கள் மேலும் வைத்துப் பார்க்கலாம்.

அந்த உறவினர் என் தங்கையின் முகத்தைப் பார்த்தாரா? கதிர்களைப் பார்த்து மூட்டைக் கணக்குப் போட்ட கண்ணால்தான் பார்த்தார். இந்த நிறத்துக்குச் சந்தையில் என்ன மதிப்பு, எத்தனை பவுன் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும் என்று பார்த்தார். அது அழகைப் பற்றிய தீர்ப்பே இல்லை, விலை சொன்ன பேச்சு. சிவப்பாக்கும் என்று 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த முகப்பூச்சு ஒன்று, தன் பெயரில் இருந்த சிவப்பைக் குறிக்கும் சொல்லை 2020-இல்தான் கைவிட்டது. இடையில் 45 வருஷம். அத்தனை வருஷம் கண்ணைப் பழக்கினால், பழக்கியது போலத்தான் கண் பார்க்கும். கண்ணைத் திரும்பவும் பழக்க முடியும் என்பதற்கு என் தம்புராக் காது சாட்சி.

இருந்தும் ஒத்துப்போகாதபோது

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. நன்றாகப் பழகிய, முன்முடிவு இல்லாத இரண்டு ரசிகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, காட்ட வேண்டியதையெல்லாம் காட்டி முடித்த பிறகும் ஒத்துப்போகாமல் இருப்பார்கள். அவர்களில் யார் தவறு? ஹியூம் இதற்கும் இடம் விட்டிருந்தார். இருபது வயதில் ஓவிட் பிடிக்கலாம், நாற்பதில் ஹொரேஸ், ஐம்பதில் டாசிட்டஸ் என்றார். மூவரும் பழைய ரோமானிய எழுத்தாளர்கள்: ஒருவர் காதலை எழுதினார், ஒருவர் நிதானத்தை, ஒருவர் அரசியலின் இருட்டை. மூன்றும் நல்லவைதான். எது நமக்கு நெருக்கம் என்பது வயதையும் சுபாவத்தையும் பொறுத்தது. அங்கே போய் யாரையும் திருத்த வேண்டியதில்லை. ‘பிடிச்சிருக்கு’ என்ற சொல் தன் முழு உரிமையோடு திரும்பி வரும் இடம் அது.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குச் சிக்குக் கோலத்தில் மனசு ஒட்டாது. தாமரை, அன்னம், வாழைப்பூ என்று கை போன போக்கில் போடும் பூக்கோலம்தான் அவருக்கு. அம்மாவுக்கு இழை தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து மூடாவிட்டால் காலையே சரியாக விடியாது. இரண்டு வாசலும் எதிரெதிரே. அந்த மூலையில் இழை கனத்த விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள்; எந்தக் கோலம் போடுவது என்பதில் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. மறுநாள் காலை அம்மா மாவைச் சல்லடையில் சலித்து, முறத்தில் பரப்பிக் காய வைத்துவிட்டு, அதே 11 புள்ளிக் கோலத்தை மறுபடி வைத்தார். பெரியம்மா தன் வாசலில் ஓர் அன்னத்தை முடித்துவிட்டு வந்து, அந்த மூலையை மட்டும் குனிந்து பார்த்தார்.

“இப்போ ஓடுது” என்றார்.